கேட்காத எஸ்

எனக்குக் காதில் கோளாறு என்பது ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் காது டாக்டர். ஒரு நாளைக்கு எண்பது காது பார்க்கிறவருக்கு என் காது ஞாபகம் இருக்க நியாயமில்லை. இன்னொருத்தி பிராமி.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆவணியில் பெரிய காஞ்சிபுரத்தில் விடியற்காலை முகூர்த்தத்தில் ஒரு பட்டுக்கடை திறப்பு விழா. தன் சந்தோஷத்தை ஊரே கேட்டாக வேண்டும் என்று கடைக்காரர் பத்தாயிரம் வாலாவை நடுரோட்டில் விரித்திருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான் கூட்டத்தில் சிக்கி, சரம் முடிந்து கடைசிக் கட்டு மொத்தமாக வெடிக்கிற இடத்தில் போய் நின்றேன். மூன்று நாள் காதுக்குள் கொசு கத்தியது. நாலாம் நாள் கொசு போய்விட்டது. அதற்குப் பதிலாக, வீட்டில் என் மன்னி ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் இன்னொரு தட்டை வைத்தால் எனக்குக் காதிலிருந்து கடைவாய்ப் பல் வரை கூசியது.

டாக்டர் என்னை ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தார். கனமான சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன, கீச்சென்றும் உஸ்ஸென்றும் வருகிற மெல்லிய சத்தங்கள்தான் தகராறு, அவை மெதுவாக வந்தால் கேட்காது, கொஞ்சம் பலமாக வந்தால் வலிக்கும் என்றார். கேட்கவும் கேட்காது, கேட்டால் வலிக்கவும் வலிக்கும், இது என்ன நியாயம் என்று அவரோடு சண்டைக்குப் போனேன். காதைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் பிழைப்பே காதுதான். காந்தி ரோட்டில் ஒரு மாடியில் ஆதீஷ் நடத்திய மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸில் நான் பிழை திருத்துகிறவள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சு இன்டர்நெட் வழியாக எங்களுக்கு வரும். எட்டுப் பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை அமுக்கி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, டைப் செய்வார்கள். அதை நான் மறுபடி கேட்டு, தப்பைத் திருத்தி, அந்தப் பெண்ணுக்கு மார்க் போட்டு அனுப்ப வேண்டும். பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் நாலு பேர், தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகி, பக்கத்தில் இருப்பவளையும் பத்து வீடு தள்ளிக் கூப்பிடுவது போல் கூப்பிடுவார்கள். அவர்களை அதட்டுவதும் என் வேலையில் சேர்த்தி.

கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் சின்ன காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்துவிட்டவள் நான். அண்ணா சக்ரவர்த்தி நல்லவர்தான். அவரும் மன்னி வத்ஸலாவும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் பக்கம் பாத்திரத்தைத் தள்ளினார்கள், துணியைத் தள்ளினார்கள், வருகிற போகிறவர்களுக்கு இலை போடச் சொன்னார்கள். ஆதீஷ் ஆபீஸில் சேர்ந்த பிறகு காலை ஐந்தரைக்கு வாசலைத் தாண்டினால் பகல் இரண்டரை வரை நான் யாருக்கும் தங்கை இல்லை, நாத்தனார் இல்லை. ஸ்ரீவல்லி மேடம். அந்த நாற்காலி போனால் மறுபடி அந்த அடுப்படிதான் என்பது எனக்குத் தெரியும். அது மட்டும் கூடாது என்று இருந்தேன்.

அந்த நாற்காலி எனக்குக் கிடைத்ததும் காதால்தான். அப்பா பெருமாள் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்தவர். தெருக்கோடியில் வரும்போதே, உள்ளே பையன்கள் சந்தை சொல்வதில் ஒரு குறில் நெடிலானால் அங்கிருந்தே நிறுத்தச் சொல்லுவார். ஒரு அடியை அவர் ஒரு தரம் சொல்ல, பையன்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்வதற்குத்தான் சந்தை என்று பேர். பெண்ணாகப் பிறந்த எனக்குச் சந்தை கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டே தப்புப் பிடிக்கிற காது மட்டும் வந்து சேர்ந்தது. இதை நான் ஆபீஸில் வாரம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

சரவெடிக்குப் பிறகு ஹெட்போனை மாட்டினால் கண்ணில் நீர் வந்தது. ஆபீஸ் ஹெட்போன்கள் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கென்றே செய்த மெலிந்த சாமான்கள். ஒவ்வொரு எஸ் சத்தமும் ஊசி. பாதத்துக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். முன்பல் சந்தில் காற்று விட்டுப் பேசுவார். அவர் ஃபைலைத் திறந்தால் நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவேன். இரண்டாவது வாரம் பிராமி அங்கே வந்து நின்றாள்.

பிராமிக்கு இருபத்திரண்டு வயது, உத்திரமேரூர் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணர்கள். ஆதீஷுக்குத் தூரத்து உறவு. எட்டுப் பேரில் கெட்டிக்காரி. என்ன ஏது என்று அவள் குடையவில்லை. சென்னையில் ரிச்சி தெருவில் தேடினால் கூசாத ஹெட்போன் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம் என்று மட்டும் சொன்னாள். பாத டாக்டரின் பேச்சை ஒரு கேசட்டில் பிடித்துக் கையோடு கொண்டு வந்திருந்தாள். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

நாலு கடையில் எங்களை ஆளாகவே மதிக்கவில்லை. ஐந்தாவது கடையில் தாவீது என்று ஒரு வயதான மனிதர், தேவாலயத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ட்ரெபிள் தாங்காது, அந்தக் கீச்சுச் சத்தம் வலிக்கிறது என்றேன். ட்ரபிள் யாருக்குத்தான் தாங்கும் என்று சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தள்ளினார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக வேலையைப் பார்த்தார்.

ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிவிட்டார். காதின் மேல் உட்காருவது வேண்டாம், காதையே மூடுவதாக இருக்க வேண்டும். பெட்டியில் கிரிஸ்டல், கிளியர் என்று பீற்றிக்கொள்கிற எதையும் தொடாதீர்கள், உங்களுக்கு அது விஷம். கனமாகப் பேசுகிற, கொஞ்சம் மங்கலான சாமான்தான் சரி, வார்ம் சவுண்டு என்று அதற்குப் பேர். சூடாகுமா என்று கேட்டேன். சூடில்லை, இதம் என்று பிராமி சொன்னாள். கேட்டவுடன் பிடிப்பதை வாங்காதீர்கள், முதல் நிமிஷத்தில் எல்லாமே நன்றாக இருக்கும், அரை மணி நேரம் கேட்டு, கழற்றி, காது என்ன சொல்கிறது என்று பாருங்கள் என்றார் தாவீது. ஒன்றைப் போட்டதும் பத்தே நிமிஷத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. இன்னொன்றில் பாத டாக்டர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். மூன்றாவது, பெரிய ரெக்ஸின் குஷன் வைத்த கறுப்பு ஹெட்போன். மாட்டினேன். அந்த டாக்டர் வாய் நிறைய வெண்ணெய் வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. ஊசியே இல்லை. நாற்பது நிமிஷம் கேட்டேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பாட்டுக் கேட்க இது தங்கம், பேச்சுக்குக் கொஞ்சம் மந்தம், எழுத்து விழுங்கும் என்றார் தாவீது. மந்தம் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. எழுத்து விழுங்கினால் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும் என்று சொல்லி அதையே கட்டச் சொன்னேன்.

திரும்புகிற பஸ்ஸில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று பிராமி ஐந்தரைக்கே டிபன் டப்பாவைத் திறந்தாள். எனக்கும் ஒரு இட்லியை நீட்டினாள். அந்த நல்ல மனநிலையில்தான் நான் வாயை விட்டேன். சரவெடி, டாக்டர் சொன்னது, மன்னி, அடுப்படி எல்லாம் சொன்னேன். ஆதீஷுக்குத் தெரிந்தால் நாற்காலி போய்விடும் என்றும் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் சொன்னாள். பெருமாள்மேல் ஆணையாக என்று நான் கேட்க, எங்கள் கோயிலில் வேறு சாமிக்கா, சும்மா சொன்னாலே போதும் என்றாள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். இருந்தது போதாதென்று ஹெட்போன் குஷனுக்குள் பழைய வேஷ்டித் துணியை வட்டமாக வெட்டி ஒரு மடிப்பு வைத்தேன். கம்ப்யூட்டரிலும் ட்ரெபிளைக் கடைசி வரை இறக்கினேன். உலகத்தில் இருந்த கூர்மையெல்லாம் மழுங்கிவிட்டது. வீட்டில் தட்டு சத்தம் கேட்டால்கூட ஆபீஸுக்குப் போய் அதை மாட்டிக்கொள்ளலாம் என்று பொறுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கு எஸ் வியாதி பிடித்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். விரல் என்று டாக்டர் சொன்னால் விரல்கள் என்று டைப் செய்கிறார்கள். கட்டி என்றால் கட்டிகள். டாக்டர்கள் முழு வாக்கியம் பேசுவதில்லை, துண்டு துண்டாகத்தான் சொல்லுவார்கள், அதனால் ஒன்றா பலவா என்று தெரிய அந்தக் கடைசி எழுத்தை விட்டால் வேறு வழி கிடையாது. தமிழில் நாலு விரலும் விரல்தான். இங்கிலீஷ் தெரிந்துவிட்டது என்று காட்ட இதுகள் கண்ட இடத்தில் ஒரு எஸ்ஸை ஒட்டி வைக்கின்றன என்று எனக்கு எரிச்சல். ஒவ்வொரு எஸ்ஸையும் அடித்து நீக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் குறைத்தேன். பெயரைச் சொல்லி எல்லார் எதிரிலும் திட்டினேன். பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்த்து வந்தவள் பிராமி ஒருத்திதான்.

"அக்கா, அந்த எஸ் கேக்குதுக்கா. ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்தேன்" என்றாள்.

மற்ற ஏழு பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என் காதுக்குக் கேக்காத எஸ் உன் காதுக்கு எங்கேர்ந்து வருது? நான் யாராத்துப் பொண்ணுன்னு தெரியுமோல்லியோ?"

அவள் என்னைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த கறுப்பு ஹெட்போனைப் பார்த்தாள். சரிக்கா என்று போய் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து அவள் ஃபைலில் அடிக்க ஒன்றும் இல்லை. பொங்கலுக்குள் மற்ற ஏழு பேருக்கும் எஸ் வியாதி குணமாகிவிட்டது. என் கண்டிப்பால் ஆபீஸ் திருந்தியது என்று ஆதீஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் மார்க் குறையாமல் இருந்தால் அந்தப் பெண்ணின் ஃபைலை நான் மறுபடி கேட்க வேண்டியதில்லை, நேராக அமெரிக்கா போகும் என்று எங்களிடம் ஒரு ஏற்பாடு. டைரக்ட் என்போம். அந்தப் பெருமை முதலில் பிராமிக்குத்தான் கிடைத்தது. பாத டாக்டரை முழுதாக அவளிடமே கொடுத்துவிட்டார் ஆதீஷ்.

இரண்டாயிரத்து இரண்டு பங்குனியில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு மூன்று கால்விரல்களை எடுத்திருக்கிறார் டாக்டர். நாங்கள் அனுப்பிய அறிக்கையில் ஒரு விரல் என்று இருக்கிறது. இன்சூரன்ஸ்காரன் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்த டாக்டரின் கடைசி ஒரு மாத அறிக்கைகளையெல்லாம் தோண்டிப் பார்த்து, இருபத்து மூன்று இடத்தில் எஸ் இல்லை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். இருபத்து மூன்றும் பிராமி டைரக்டாக அனுப்பியவை. யார் தப்பு என்று கண்டுபிடித்து அந்த ஆளை நீக்காவிட்டால் இனிமேல் ஃபைல் வராது என்று கடைசி வரி.

ஆதீஷுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. முப்பது வயதுகூட ஆகாத பையன், அப்பாவின் நெல் வியாபாரத்தை விட்டுவிட்டு இதை நம்பி இறங்கியவர். பேச்சும் இருக்கிறது, டைப் செய்ததும் இருக்கிறது, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் மேடம், உங்கள் காதுக்கு மேல் நான் யாரை நம்புவேன் என்றார்.

பிராமியை வெளியே அனுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் என் கறுப்பு ஹெட்போனில் கேட்டேன். விரல் என்றுதான் கேட்டது. சந்தேகமே இல்லை. பிறகு அவள் மேசையில் கிடந்த ஆபீஸ் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். கம்ப்யூட்டரில் ட்ரெபிள் அவள் வைத்தபடி நடுவில் இருந்தது. பெடலை அமுக்கினேன். விரல் என்ற வார்த்தையின் வாலில் அது இருந்தது. மெல்லியதாக, சுத்தமாக, கடைவாய்ப் பல்லில் போய் இறங்கியது. அடுத்த ஃபைலிலும் இருந்தது. ஆறு ஃபைல் கேட்டேன், ஆறிலும் இருந்தது. நான் அடித்த எஸ்ஸுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். என்மேல் அப்படி ஒரு அருவருப்பு எனக்கு வந்ததே இல்லை. ஆனால் அருவருப்பைவிட பயம் பெரிதாக இருந்தது.

நான் திருத்தி அடித்த பழைய ஃபைல்களில் பெண்கள் முதலில் டைப் செய்தது அழிந்து, என் திருத்தமே மேலே பதிவாகியிருந்தது. அங்கே என்னைக் காட்டிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தை பிறந்த பிறகுதான் ஆதீஷ் அவர்கள் டைப் செய்ததையும் தனியாகச் சேர்த்து வைக்க ஆரம்பித்திருந்தார். அதற்குள் அவர்கள் எஸ்ஸை விட்டுவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் தப்பு பெண்கள் பக்கம்தான் விழுந்தது.

எஸ் இருக்கிறதா என்று ஆதீஷ் கேட்டார்.

"இருக்கு. டைப் பண்ணவ விட்டிருக்கா" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும். நானும் பல நாள் தேடிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

அவர் பிராமியை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கால் மணி நேரம்தான். உறவுக்காரப் பெண்ணை நிறுத்துகிறோமே என்று அவருக்கும் கஷ்டம், குரல் வெளியே வரவில்லை. நான் என் நாற்காலியில் கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றையும் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் வாயைத் திறந்தால் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டிருந்தேன். பொறாமை என்று சொல்லலாம். சின்னப் பெண், நாற்காலிமேல் ஆசை என்று சொல்லலாம். நாலைந்து பதில் தயாராக இருந்தது. ஒன்றும் தேவைப்படவில்லை.

அவள் வெளியே வந்து தன் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். நேரே என்னிடம் வந்தாள். ஹெட்போனைக் கழற்றினேன்.

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆயிடலயேக்கா?" என்றாள்.

யார் என்று எனக்குப் புரியவில்லை. விரல் எடுத்த நோயாளியைக் கேட்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, இன்சூரன்ஸ் தகராறுதான் என்றேன்.

"அப்ப சரி. அதான் ரொம்ப பயந்துக்கினு இருந்தேன்." பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் நின்றது. "உங்களுக்கு அது கேக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. திரும்பச் சொன்னா எல்லாரும் உங்க காத நோண்டுவாங்க, நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. அதான் நானும் போடாம விட்டுட்டேன். மத்தவங்களும் நான் விட்டதப் பாத்துத்தான் விட்டாங்க. நம்ம பேச்சுல ஒண்ணும் விரல்தான், நாலும் விரல்தான், பெருசா ஒண்ணும் வராதுன்னு நெனச்சேன். தப்புதான். ஆதீஷ் அண்ணாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லிடுவேன்னு பயந்துக்கினு இருக்காதீங்க."

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இவள் யார் என்ற கோபம். நாலு மாதம் நான் சிங்கம் போல் உறுமியதையெல்லாம் இந்தப் பெண் ஒரு நோயாளியின் முனகலாகக் கேட்டுக்கொண்டு, போகட்டும் என்று எஸ்ஸை விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஜாக்கிரதையாகப் போ என்றேன். மணி அப்போது பகல் பதினொன்று.

அவள் படியிறங்கிப் போன பிறகு ஆதீஷ் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. காலியான மேசையில் கிடந்த ஆபீஸ் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"பொண்ணுங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன மேடம் பண்றது. இதுல கேட்டா எனக்கே கூசுது. எட்டு மணி நேரம் மாட்டிக்கினு இருந்தா காது செத்துத்தான் போகும். உங்களுது எவ்ளோ நாளா நல்லா இருக்குது, உங்களுக்குத் தப்பே வரல. எல்லாருக்கும் அதே வாங்கிப் போட்டுடலாம். மாடல் நம்பர் என்னான்னு பாத்துச் சொல்லுங்க."

ஏழு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையார்பாளையத்துப் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், இது எஸ்ஸை விழுங்கும் என்பது. அதைச் சொன்னால் பிராமியை ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிடலாம், அவள் இன்னும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள்.

கறுப்பு ஹெட்போனை எடுத்துத் திருப்பினேன். எழுத்து பொடியாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் எழுதிக்கொள்ளத் தோதாக, ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல் சொன்னேன்.